ஏற்கெனவே காசு கட்டிய பிள்ளையிடம் விசாரிப்பது எப்படி?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஏ.எல். எழுதிய பிள்ளை இருப்பவர்கள் ஒரு தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

கல்விக்காகச் சீனா வரை போகச் சொல்லும் அந்த வாசகம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பரிசளிப்பு விழா நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது ஹதீஸாக உறுதிப்படவில்லை என்று உலமாக்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மைக்கைப் பிடிப்பவர்கள் விடுவதாக இல்லை. அது இருக்கட்டும். நான் எழுத வந்தது கல்விக்காகச் சீனாவுக்குப் போவது பற்றி அல்ல, சீனாவிலிருந்து போகிறவர்கள் பற்றி.

ஏன் திடீரென்று இது என்று கேட்பீர்கள். போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது கேற்றடியில் ஒரு தாய் காத்துக்கொண்டு நின்றார். மகன் வர்த்தகப் பிரிவு, இஸட் ஸ்கோர் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவன் வெளிநாட்டுக் கெம்பஸ் ஒன்றின் புல்வெளியில் நின்று பேசுகிறான். லைப்ரரி, ஹலால் சாப்பாடு, ஜும்ஆவுக்கு இடம், பகுதிநேர வேலை, எல்லாம் இருக்கிறதாம். மூலையில் ஒரு ஏஜென்சியின் பெயர்.

"சேர், இவன் உங்கட பழைய மாணவன்தானே. இவன் சொல்றத நம்பலாமா?"

"நல்ல பிள்ளை ராத்தா, பொய் பேசுற பிள்ளை இல்ல" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்கு வந்து சேரும்போதே நான் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று விளங்கிவிட்டது. பிள்ளை நல்லவனா என்பது ஒரு கேள்வி. அந்த வீடியோவை நம்பிக் காணியை ஈடு வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அவர் கேட்டது இரண்டாவதை.

இந்த இரண்டாவது கேள்வியை நமக்குப் பல வருடம் முந்தியே, நம்மை விடப் பல மடங்கு பெரிதாகச் சந்தித்தவர்கள் சீனத்துப் பெற்றோர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சீனப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட கதையில், அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்களுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நம் வீட்டு விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலாமவர் யுங் விங். 1854 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான். நாடு திரும்பிய அவர், தான் பெற்ற கல்வி தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மன்னராட்சி அதிகாரிகளைச் சுற்றிச் சுற்றி அலைந்தார். கடைசியில் 1872 முதல் 120 சிறுவர்களை அரசாங்கச் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பவைத்தார். 1881 இல் அரசாங்கம் மனம் மாறி, பெரும்பாலானவர்கள் படிப்பை முடிக்கும் முன்பே எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டது. பழைய மாணவர் ஒருவர் தான் படித்த இடத்தைப் பற்றிச் சொல்லி அடுத்தவரை அனுப்பிவைத்த முதல் கதை இது. யுங் விங்குக்கு யேல் ஒரு சதமும் கொமிஷன் கொடுக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நூறு வருடத்தைத் தாண்டி வருகிறேன். புரட்சி, கதவடைப்பு எல்லாம் முடிந்து 1978 டிசம்பரில் 52 பேர் கொண்ட ஒரு குழு சீனாவிலிருந்து அமெரிக்கா போனது. அவர்கள் அரசாங்கம் அனுப்பிய ஆய்வாளர்கள். அதன் பிறகு போனவர்களிலும் பெரும்பாலானோர் பட்டப்பின் படிப்புக்காரர்கள், பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுத்து எடுத்தவர்கள். அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

நிலைமை மாறியது 2000களின் பிற்பகுதியில். சீனாவில் கையில் காசுள்ள ஒரு நடுத்தர வர்க்கம் உருவாகியிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் தாய் தகப்பனும், இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாருமாக ஆறு பேருடைய சேமிப்பு. இன்னொரு பக்கம், 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க மாநில அரசாங்கங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தன. முழுக் கட்டணமும் கட்டக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளை திடீரென்று எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான். 2009/10 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த சீன மாணவர்கள் 127,628 பேர். பத்து வருடம் கழித்து, 2019/20 இல், 372,532 பேர். ஒரு நடுத்தர நகரத்தின் சனத்தொகை.

இவ்வளவு பேர் எதை நம்பிப் போனார்கள்?

இதுதான் கதையின் முக்கியமான இடம். நாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேடினால் அதன் பேஸ்புக் பக்கம் வரும், யூடியூப் வரும், கூகுள் வரும். சீனத்துப் பிள்ளைக்கு இது எதுவும் இல்லை. பேஸ்புக்கும் யூடியூப்பும் டுவிட்டரும் 2009 முதல் அங்கே மூடப்பட்டவை. கூகுளும் பிறகு அதே வழியில் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் விளம்பரப் பகுதியில் பத்துப் பேரை வைத்து அழகழகாகப் படம் போட்டாலும், ஷங்காயில் இருக்கும் தாய்க்கு அது போய்ச் சேராது. அங்கே இருப்பது வீசாட், வெய்போ, பிலிபிலி, சியாவ்ஹொங்ஷு. அனுமதிப் பிரிவில் இருக்கும் வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு இவற்றின் பெயரை உச்சரிக்கவே கஷ்டம்.

அந்த வெற்றிடத்தில் ஏஜென்ட் வந்தார். அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. உள்நாட்டுப் பிள்ளையைச் சேர்த்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொமிஷன் கொடுக்க முடியாது. 1992 இல் போட்ட தடை அது, பிள்ளைகளை ஏமாற்றிச் சேர்க்கிறார்கள் என்பதால் போட்டது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்தத் தடை பொருந்தாது. தன் பிள்ளைக்கு ஆபத்து என்று தடுத்ததை அடுத்தவன் பிள்ளைக்குத் திறந்து வைத்த சட்டத்தை என்னவென்று சொல்வது? அனுமதி ஆலோசகர்களின் தேசிய சங்கம் இதைப் பற்றி உள்ளுக்குள் சண்டை பிடித்து, 2013 இல் வெளிநாட்டு ஏஜென்ட்டுகள் விடயத்தில் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டது. சீனத்து ஏஜென்ட்டுகளில் சிலர் பெற்றோரிடமும் வாங்கினார்கள், பல்கலைக்கழகத்திடமும் வாங்கினார்கள். விண்ணப்பக் கட்டுரையைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள், சிபாரிசுக் கடிதத்தையும் எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் பல்கலைக்கழகத்துக்கும் ஏஜென்ட்டில் நம்பிக்கை இல்லை, பெற்றோருக்கும் இல்லை.

அப்போது இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஒரே ஆள் மிச்சமாக இருந்தான். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்த சீனப் பிள்ளை.

அவன் என்ன செய்தான்? பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைச் சீன மொழிக்கு மாற்றிக் கொடுத்தான். வீசாட்டில் பல்கலைக்கழகத்தின் கணக்கை நடத்தினான். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தான் படித்த உயர்நிலைப் பாடசாலைக்குப் போய், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசினான். அனுமதி கிடைத்த பிள்ளைகளை ஒரு குழுவில் சேர்த்து இரவிரவாகப் பதில் சொன்னான். அங்கே வரும் கேள்விகள் எந்த நாட்டுத் தாய்க்கும் விளங்கும். சுடுதண்ணீர் கிடைக்குமா? சீனச் சாமான் கடை எவ்வளவு தூரம்? ரூமில் கூட இருக்கப் போகிறவன் யார்? இரவில் நடந்து வரலாமா? முதல்முறை போகும் பிள்ளையை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்ததும் பல இடங்களில் சீன மாணவர் சங்கம்தான்.

சொல்லை மாற்றுவதே பெரிய வேலை. 'லிபரல் ஆர்ட்ஸ் கொலேஜ்' என்று அமெரிக்காவில் ஒரு வகை இருக்கிறது. சிறிய கல்லூரி, இரண்டாயிரம் பிள்ளைகள் அளவில், ஆராய்ச்சியை விடக் கற்பித்தலுக்கு முதலிடம். கணிதம் படிக்கும் பிள்ளை தத்துவமும் படிக்கும், இரசாயனம் படிப்பவன் இசையும் படிப்பான். மிக நல்ல கல்வி. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் சீனத்துத் தகப்பனுக்கு என்ன விளங்கும்? நம் ஊரில் "ஆர்ட்ஸ் படிக்கவா அமெரிக்கா போறாய்?" என்று கேட்பார்களே, அதேதான். அங்கே தரவரிசைப் பட்டியலின் மேலே இருக்கும் பெயர்களைத் தவிர மற்றதெல்லாம் கணக்கில் இல்லை. கலையும் விஞ்ஞானமும் சேர்ந்த கல்லூரி என்று பொருள் தரும் ஒரு சொல்லைச் சீன மொழியில் புழங்குகிறார்கள். அந்தச் சொல்லோடு நாலு பக்க விளக்கமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த விளக்கத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார்கள் மூன்று மாணவர்கள். மெய்ன் மாநிலத்து போடொய்ன், பென்சில்வேனியாவின் பக்னெல், அதே மாநிலத்தின் ஃபிராங்க்ளின் அன்ட் மார்ஷல் ஆகிய மூன்று சிறிய கல்லூரிகளில் படித்த சீனப் பிள்ளைகள். அப்போது அவர்கள் இன்னும் பட்டம்கூட முடிக்கவில்லை. 2009 இல் சீனாவில் வெளிவந்தது. இந்தக் கல்லூரி என்றால் என்ன, வகுப்பு எப்படி நடக்கும், ஆசிரியர் எப்படிப் பழகுவார், இது யாருக்குப் பொருந்தும் என்று தங்கள் சொந்த அனுபவத்தைச் சொன்னார்கள். பெரிய பெயரைத் தவிர வேறெதையும் கேட்காத ஒரு சமூகத்துக்கு, பெயர் தெரியாத நல்ல கல்லூரிகளும் உண்டு என்று சொன்னது பெரிய உதவி. அதனால் அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கூடியிருக்கலாம், அது வேறு. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, சொன்னார்கள். யுங் விங்கின் வரிசையில் வைக்கலாம்.

எல்லாம் இப்படி இல்லை. இல்லினோய் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு பெரிய அரசப் பல்கலைக்கழகம். 2015 அளவில் அங்கே ஐயாயிரம் அளவில் சீன மாணவர்கள் இருந்தார்கள். அந்த வருடம் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளுக்குச் சீன மாணவர்களே மண்டரின் மொழியில் நேர்முக வர்ணனை செய்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதியே விளங்காத விளையாட்டை ஒருவன் தன் மொழியில் விளக்கிச் சொன்னால் புதிதாக வந்த பிள்ளைக்கும் இது நம்ம இடம் என்று தோன்றும். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்னொரு வேலையும் செய்தன. சீன மாணவர்களிடமிருந்து வரும் கட்டண வருமானம் திடீரென்று விழுந்துவிட்டால் நட்டத்தை ஈடுசெய்ய ஒரு காப்புறுதி எடுத்தன. வருடத் தவணை 424,000 டொலர், காப்புத் தொகை 60 மில்லியன் டொலர். வீசாத் தடை, தொற்றுநோய், வர்த்தகச் சண்டை போன்ற காரணங்களால் வருமானம் ஐந்தில் ஒன்று குறைந்தால் பணம் கிடைக்கும். 2018 இல் இது வெளியே தெரியவந்தது. மழை பெய்யாவிட்டால் நட்டஈடு தரும் பயிர்க் காப்புறுதி போல.

இதைச் சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. கணக்குத் தெரிந்த நிர்வாகம் செய்யும் வேலைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் தன் நட்டத்துக்குக் காப்புறுதி எடுத்துக்கொண்டது. ஆறு பேரின் சேமிப்பைக் கொட்டிய அந்தக் குடும்பத்துக்கு யார் காப்புறுதி? ஊருக்குப் போய்ப் பழைய பாடசாலையில் நின்று "வாங்க, நல்ல இடம்" என்று சொன்ன பிள்ளைக்கு? தன் சொல்லை நம்பி வந்த தம்பிக்குச் சரிவராமல் போனால் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் அந்தத் தம்பியின் தகப்பனைச் சந்திக்கப் போவது அவன்தான், அனுமதிப் பிரிவின் பணிப்பாளர் இல்லை.

இப்போது இது இன்னும் ஒழுங்குபடுத்தப்பட்ட வேலையாகிவிட்டது. 'மாணவர் தூதுவர்' என்று பதவி. விண்ணப்பிக்க யோசிக்கும் பிள்ளை, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையோடு நேராகச் செட் பண்ணுவதற்கென்றே யூனிபடி போன்ற தளங்கள் இருக்கின்றன. பல இடங்களில் தூதுவருக்கு மணித்தியாலத்துக்குச் சம்பளம். இந்தச் சம்பளத்தின் பெறுமதி நமக்கு எளிதில் விளங்காது. மாணவர் வீசாவில் அமெரிக்கா போன பிள்ளை முதல் வருடம் கெம்பஸுக்கு வெளியே வேலை செய்ய முடியாது. கெம்பஸுக்குள்ளும் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். ஆகவே உள்ளே கிடைக்கும் வேலைக்கு அடிபிடி. அந்த வேலையைக் கொடுத்தவரைப் பற்றி அவன் எவ்வளவு தாராளமாகக் குறை சொல்வான் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆனால் என் பயம் சம்பளம் பற்றியது அல்ல. சம்பளம் வாங்காத பிள்ளையிடமும் ஒரு பிரச்சினை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவன் ஏற்கெனவே காசு கட்டியவன்.

பல அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து வருடத்துக்கு 80,000 டொலருக்கு மேல். நாலு வருடம். தகப்பன் வீட்டை விற்றிருக்கலாம். சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி விருந்து வைத்து அனுப்பியிருப்பார்கள். அப்படிப் போன பிள்ளை, அங்கே லெக்சர் விளங்கவில்லை, ரூமில் தனியே இருந்து அழுகிறேன், நாலு வருடத்துக்குப் பிறகு இங்கே வேலை கிடைக்குமா என்பது லொத்தர் சீட்டுப் போல என்று யாரிடம் சொல்லும்? சொன்னால் தன் வீட்டார் செய்த தியாகம் வீண் என்று தானே தீர்ப்பெழுதியது போல. சீனர்கள் 'முகம்' என்று சொல்வார்கள், நாம் 'மானம்' என்கிறோம். அதனால் அவன் புல்வெளியில் நின்று சிரிக்கிறான். முதலில் தன் வாப்பாவுக்காகச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பல்கலைக்கழகம் இலவசமாக எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. லைப்ரரி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

நமக்கு இதில் ஒரு பாடம் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்த சம்பவம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை வாங்குபவர் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கிடைத்த பதில். மழைக்கு அந்த வியாபாரியை யாரும் குற்றம் சொல்லவில்லை. மறைத்ததற்குத்தான்.

சரி, ஈரத்தை மேலே வைக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? சீன மாணவருக்கு இரண்டு பக்கமும் அடி. 2017 மே மாதம் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் ஒரு சீன மாணவி பேசினார். அமெரிக்காவின் சுத்தமான காற்றையும், அங்கே அனுபவித்த பேச்சுச் சுதந்திரத்தையும் புகழ்ந்தார். அந்த வீடியோ சீனாவுக்குப் போய் ஊரே கிளம்பிவிட்டது. தாய்நாட்டைக் கேவலப்படுத்தினாள் என்று இலட்சக்கணக்கானோர் திட்டினார்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பல்கலைக்கழகத்துக்கு அவருடைய பேச்சு நல்ல விளம்பரம்தான். விலை கட்டியது அவர். மறுபக்கம், அமெரிக்காவைக் குறை சொல்லும் பிள்ளையிடம் "பிறகேன் அங்கே போனாய்?" என்று கேட்பதற்கும் ஆட்கள் குறைவில்லை.

சில ஈரங்களை மறைக்கவும் முடியாது. 2012 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இரண்டு சீன மாணவர்கள் காருக்குள் வைத்துச் சுடப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு எந்தச் சீனத் தாயும் முதலில் கேட்பது துப்பாக்கி பற்றித்தான். 2020 இல் கொரோனா வந்தபோது விமானம் இல்லாமல், விடுதி மூடப்பட்டு, வீதியில் முகக்கவசத்தோடு போனால் வசை கேட்டு அலைந்த பிள்ளைகள் ஏராளம். 2025 மே மாதம் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் மார்கோ ரூபியோ சீன மாணவர்களின் வீசாக்களைத் தீவிரமாக இரத்துச் செய்யப் போவதாக அறிவித்தார். அதே வருடம் ஓகஸ்டில் ஜனாதிபதி ட்ரம்ப் ஆறு இலட்சம் சீன மாணவர்கள் வரலாம் என்றார். மூன்று மாதத்துக்குள் இரண்டு பேச்சு. அந்த நேரத்தில் வீசாட் குழுவில் இருந்துகொண்டு "அண்ணா, வரலாமா?" என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த இருபது வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் வாசகத்தில் 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்றிருக்கும். வீசாவைக் கொடுப்பது பல்கலைக்கழகம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 2023/24 இல் இந்திய மாணவர்கள் சீனர்களைத் தாண்டினார்கள். 2024/25 இல் சீனர்கள் 265,919 பேர். உச்சத்தை விட ஒரு இலட்சத்துக்கு மேல் குறைவு. காரணங்கள் பல: அரசியல், கொரோனா, செலவு, சீனாவிலேயே நல்ல பல்கலைக்கழகங்கள் வளர்ந்தது. அந்தப் பட்டியலில் ஊர் திரும்பிய பிள்ளைகளின் பேச்சுக்கும் ஒரு இடம் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். புல்வெளியில் நின்று சொன்னது வேறு, பட்டம் முடித்து வந்து வீட்டில் உட்கார்ந்து சொன்னது வேறாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அப்படியானால் மாணவர்கள் சொல்வதைக் கேட்கவே வேண்டாமா என்று கேட்காதீர்கள். அவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஏஜென்ட்டை விடவும் விளம்பரப் புத்தகத்தை விடவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அதிகம். அந்த மூன்று மாணவர்கள் எழுதாவிட்டால் எத்தனையோ சீனப் பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்திய கல்லூரியைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். நான் சொல்வது, அந்தப் பிள்ளை உண்மை சொல்வதற்கு நாம் இடம் வைக்க வேண்டும் என்று. மஷூரா கேட்டவருக்கு மறைக்காமல் சொல்வது அமானிதம்தான். மறைக்காமல் சொல்லக்கூடிய மாதிரிக் கேட்பது கேட்பவரின் பொறுப்பு.

நாம் எப்படிக் கேட்கிறோம்? ஐம்பது பேர் உள்ள குடும்ப வட்ஸ்அப் குழுவில், அவனுடைய உம்மாவும் மாமியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "எப்படி மகன் அங்க? நல்லமா?" என்று கேட்கிறோம். "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்பதைத் தவிர அவன் என்ன சொல்வான்? அல்லது ஏஜென்சியின் சூம் கூட்டத்தில், ஏஜென்சிக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம். பிறகு அவன் சொன்னதை நம்பிக் காசு கட்டி, சரிவராவிட்டால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.

தனியே கேளுங்கள். அவன் சொல்வது உங்களோடு நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஏஜென்சியிடமோ கெம்பஸிடமோ ஏதாவது வாங்குகிறானா என்று நேராகக் கேளுங்கள். வாங்கினால் தவறில்லை, தெரிந்திருப்பது நல்லது. இடம் எப்படி என்று கேட்பதை விட, போன மாதம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போனது, அவனோடு போனவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். அவனுடைய சொந்தத் தம்பியை அனுப்புவானா என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில், பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லும் கேள்வி அதுதான்.

வெளியே இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களோடு எனக்குக் கோபம் எதுவும் இல்லை பிள்ளைகளே. வீடியோ போடுங்கள். நீங்கள் போனதால்தான் இந்த ஊருக்கு அந்த வழி தெரிந்தது. ஏஜென்சி காசு தந்தால் தந்தது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்பதையும் அந்தப் புல்வெளியிலேயே நின்று சொல்லுங்கள். உங்கள் வாப்பாவின் மானம் அதில் போகாது.

அந்தத் தாயின் விஷயம். வீடியோவில் பேசிய பிள்ளைக்கு அன்றிரவே ஒரு மெசேஜ் போட்டேன். மேலே சொன்ன கேள்விகள்தான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டு மணி போல, "சேர், இது அவங்களுக்கு மட்டும்தானே?" என்று ஒரு வரி வந்தது. ஆம் என்றேன். பிறகு பதினொரு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். நல்லதும் இருந்தது, மற்றதும் இருந்தது. அடுத்த நாள் ராத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டாவது தடவை கேட்டார். ஏஜென்சிக்கு முற்பணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார். நேற்று மகன் என்னிடம் வந்து, அந்தக் குரல் பதிவில் கேட்ட இரண்டு பாடத்தின் பெயரை எழுதிக் கேட்டுவிட்டுப் போனான்.